நீல நாக்கு

திகனவில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த அறைக்கு இரண்டு பக்கமும் கோழிக்கூடுகள். வலது பக்கம் ஆயிரம், இடது பக்கம் ஆயிரம், நடுவில் நான். வந்த முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. இரண்டாம் மாதம் ஒரு கூட்டைக் கழுவிச் சும்மா போட்டிருந்தார்கள். அப்போது சத்தம் குறைந்ததால் தூக்கம் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பேசுவார். தனியாக இருக்கிறாயோ, பக்கத்தில் சனம் இருக்கோ என்று கேட்பார்.

"ரெண்டாயிரம் பேர் இருக்கினம் அம்மா" என்பேன்.

என் பெயர் லவன். மிருக வைத்திய அலுவலகமொன்றில் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர். வீட்டுக்காரர் நளீர் நானா பதினொரு வருடம் கட்டாரில் ஏசி திருத்திவிட்டு வந்து, சேர்த்த காசில் இந்த இரண்டு கூடுகளையும் போட்டவர். அவருடைய மனைவி ரபீகா தாத்தா. இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா, அக்காவைத் தாத்தா என்பார்கள். எங்கள் பக்கம் தாத்தா என்றால் பொல்லூன்றி நடக்கிற கிழவர். முப்பத்துநாலு வயதுப் பெண்ணைத் தாத்தா என்று கூப்பிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவர்களுடைய மகள் ஸனாவுக்கு ஏழு வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு நானா திரும்பி வந்தபோது, விமான நிலையத்தில் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபோன்ல வாற வாப்பா இவருதானா?" என்று கேட்டாளாம். தாத்தா இதை வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானா மட்டும் சிரிக்கமாட்டார். எழுந்து கூட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

நோன்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு வலது கூட்டுக்குக் குஞ்சு வந்தது. நோன்பு எட்டில் இடது கூட்டுக்கு வந்தது. கம்பரோ நோய்க்கான தடுப்பு மருந்தை எந்த நாளில், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் நானாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விடியற்காலையில் தண்ணீரை நிறுத்த வேண்டும். இரண்டு மணித்தியாலம் கழித்து மருந்து கலந்த தண்ணீரை வைக்க வேண்டும். நானா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வலது கூட்டுக்கு இரண்டு தடவையும் அந்தத் தாளில் இருந்தபடியே செய்தார். விடியுமுன் நோன்புக்கான ஸஹர் சாப்பாடு முடிந்ததும் கயிற்றை இழுத்துச் சிவப்புத் தண்ணீர்த் தட்டுகளை எல்லாம் மேலே தூக்கிக் கட்டிவிட்டு, சுபஹு தொழுகைக்குப் பள்ளிக்குப் போவார். திரும்பி வந்து ஆறரைக்கு மருந்தைக் கலந்து வைப்பார். நான் பார்த்துவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுவேன். நானா நோன்புக் களைப்பில் கொஞ்சம் சாய்வார்.

நோன்பு பதினாறு. வலது கூட்டில் இருபத்தாறு நாள் வயதான குஞ்சுகள் சிறகைப் பொம்மிக்கொண்டு மூலையில் கூடி நின்றன. வெள்ளைக் கழிச்சல். பின்னேரத்துக்குள் பதினொன்று செத்துவிட்டன.

செத்ததில் ஒன்றை நான் அறுத்துப் பார்த்தேன். கோழிக்குஞ்சின் பின்பக்கத்தில், எச்சம் போடுகிற துளைக்குச் சற்று மேலே, உள்ளே ஒரு சின்னப் பை இருக்கும். நோயோடு சண்டை போடுகிற ஆட்களைக் குஞ்சின் உடம்பு அங்கேதான் தயார் பண்ணுகிறது. கம்பரோ கிருமி நேரே போய் அந்தப் பையைப் பிடிக்கும். வெள்ளையாக இருக்க வேண்டிய பை அன்றைக்கு இரண்டு மடங்கு வீங்கி, மஞ்சள் பசை பூசி, உள்ளே இரத்தமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே நானாவுக்குப் புரிந்துவிட்டது.

இதற்கு மருந்து கிடையாது. ஐந்து நாளில் நூற்றுநாற்பது குஞ்சுகளை அள்ளிக் குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடினோம். ஆறாம் நாள் சாவு நின்றது. மிச்சமிருந்தவை ஒன்றும் நடக்காத மாதிரித் தீனிக்கு அடிபட்டன.

நடந்ததை விட, ஏன் நடந்தது என்று தெரியாததுதான் நானாவை வாட்டியது. தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுக்கு அதே நோய் எப்படி வரும்? நாங்கள் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். மருந்தின் திகதி சரியாக இருந்தது. தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து செத்துவிடும், ஆனால் இது கிணற்றுத் தண்ணீர். பக்கத்துக் கடை மர்சூக் ஹாஜியார் இது கண்ணூறு என்றார். இரண்டு கூட்டையும் ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி வைத்தால் வேறென்ன ஆகும் என்று கேட்டார்.

நான் சந்தேகப்பட்டது தாத்தாவின் ஃபிரிட்ஜை. நோன்பு மாதத்தில் அதற்குள் தர்ப்பூசணி, சர்பத் போத்தல், சம்சாவுக்குப் பிசைந்த மா எல்லாம் இருக்கும். கதவை ஒரு நாளைக்கு நூறு தரம் திறப்பார்கள், குளிர் குறைந்தால் மருந்து கெட்டுவிடும். இதை மெதுவாகத்தான் சொன்னேன். தாத்தா உடனே என் கையைப் பிடிக்காத குறையாக அடுப்படிக்குக் கூட்டிப்போய், இடது கூட்டுக்கான மருந்துக் குப்பி இருந்த தனி ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். கல்லாக உறைந்த ஐஸ் போத்தல்களுக்கு நடுவில், துணியில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போல வைத்திருந்தார். "இதவிட எப்படித் தம்பி பாக்கிற?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று நோன்பு திறக்கிற நேரம் அவர்கள் வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சிக் கோப்பையோடு வழக்கமாக வருகிற இரண்டு சம்சா வரவில்லை. ஒன்றுதான் வந்தது.

அன்று நோன்பு திறந்த பிறகு நானா என்னிடம் வந்து உட்கார்ந்தார். கட்டாரில் அவருடைய பழைய கம்பெனி கூப்பிடுகிறதாம். பெருநாள் கழித்து ஆறாம் நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"ரெண்டாவது கூடும் இப்பிடிப் போனா நான் ஒண்டும் பேச மாட்டேன் லவன் தம்பி. ஏறிப் போயிடுவேன்."

தாத்தா உள்ளே பேரீச்சம்பழக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றது. ஸனா இன்னொரு சம்சா கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் அவளே இரண்டு எடுத்துக்கொண்டாள்.

நோன்பு இருபத்திரண்டு, சனிக்கிழமை. இடது கூட்டுக்கு மருந்து கொடுக்கிற நாள். அலுவலகம் இல்லாததால் நானும் கூடவே நிற்கலாம். முதல் நாள் கண்டிக்குப் போய் மிருக மருந்துக் கடையில் நீல வில்லைகள் வாங்கி வந்திருந்தேன். தண்ணீரில் போட்டால் தண்ணீர் நீலமாகும், மருந்துக்குக் கெடுதல் இல்லை. குடித்த குஞ்சின் நாக்கும் நீலமாகிவிடும். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று பிடித்துப் பார்க்கலாம். இதை வலது கூட்டுக்கே செய்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆறரைக்கு நீலத் தண்ணீரை வைத்தோம். குஞ்சுகள் வந்தன, பார்த்தன, இரண்டு கொத்துக் கொத்தின, போய்விட்டன. கல்யாண வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு மணித்தியாலம் போயும் தட்டுகளில் தண்ணீர் குறையவில்லை. பத்துக் குஞ்சைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். மூன்று நாக்கு நீலம். ஏழு நாக்கு வெறும் வெளிர்ச்சிவப்பு.

"இதுகளுக்குத் தாகமே இல்லை நானா" என்றேன்.

நானா கயிறுகளைப் பார்த்தார். ஸஹருக்குப் பிறகு தானே தூக்கிக் கட்டியதாகச் சொன்னார். நான் அவருக்கு மருந்தைப் பற்றி விளக்கினேன். இது உயிருள்ள மருந்து, தண்ணீரில் கலந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது, அதற்குள் எல்லாக் குஞ்சும் குடித்து முடிக்க வேண்டும், அதற்காகத்தான் தாகமெடுக்க விடுகிறோம். தாகமில்லாவிட்டால் பிந்திக் குடிக்கும். பிந்திக் குடித்தால் வெறும் தண்ணீர் குடித்த கணக்குத்தான்.

வாசலில் தீனி வாளியோடு நின்ற தாத்தா வாளியைக் கீழே வைத்தார்.

"நான்தான் குடுத்தேன்" என்றார்.

"என்னத்த?" என்று நானா கேட்டார்.

"தண்ணி. அதுகளுக்கு ஸஹருக்கு."

தாத்தா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நாங்க வயிறு நெறையத் திண்டு, பாங்கு செல்ல மொதல்ல ரெண்டு கோப்ப தண்ணியும் குடிச்சிட்டு ஈக்கிறோம். அதுகளுக்கு மட்டும் ஒண்டும் செல்லாமக் கொள்ளாம நிப்பாட்டினா? வாயில்லாத சீவன். நீங்க பள்ளிக்குப் போன பொறகு கால் மணித்தியாலம் எறக்கி வெச்சேன். நல்லாக் குடிச்சிச்சிகள். பொறகு தூக்கிக் கட்டினேன்."

"அந்தக் கூட்டுக்கும்?"

"ரெண்டு தரமும்."

நானா கையிலிருந்த குஞ்சைக் கீழே விட்டார். வெளியே போனார். கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. தாத்தாவின் கண் கலங்கி நின்றது. நானா கட்டாருக்குப் போகக்கூடாது என்று ஐந்து நேரத் தொழுகையிலும் துஆ கேட்கிறவர் அவர். நானாவை அனுப்பி வைக்கிற வேலையையும் தானே செய்துவிட்டதாக அந்த நேரத்தில் நினைத்திருப்பார்.

எனக்கும் ஒன்று உறைத்தது. இரண்டு கூட்டிலும் குஞ்சு பார்ப்பது தாத்தா. தீனி போடுவது, விளக்கு ஏற்றி இறக்குவது, எது சோர்ந்தது என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவர்தான். நான் தாள் எழுதிக் கொடுத்தது நானாவிடம். அதிலும் தண்ணீரை நிறுத்து என்று எழுதினேனே தவிர ஏன் என்று எழுதவில்லை. பிழையில் பாதி என்னுடையது என்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

நானா முகம் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். வாசலில் நின்று மனைவியைப் பார்த்தார்.

"ஸஹருக்கு எழுப்பினது செரி. இண்டைக்கு நோன்பு புடிக்கிறேன் எண்டு நிய்யத்து வெக்கச் செல்லிக் குடுத்தியா?"

தாத்தாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது. நானா அதற்குப் பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். உமியில் அப்படியே குந்திவிட்டார். ஆயிரம் குஞ்சுக்கு ஸஹர் கொடுத்த வீடு கண்டி மாவட்டத்திலேயே இதுதான் என்றார். இரவுத் தொழுகைக்கும் அணிவகுத்து அனுப்பியிருக்கலாமே என்றார். நான் அந்த வீட்டில் இருந்த எட்டு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு என்னிடம் சொன்னார்: "ஏசி வேலையிலயும் இதுதான் தம்பி. எங்க பழுது எண்டு தெரியாத வரைக்கும்தான் தல வெடிக்கிற. தெரிஞ்சா ஸ்பேனரக் கையில எடுக்க வேண்டியதுதான்."

எங்கள் அலுவலக டொக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். நாளைக்கே திரும்பக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த நாள் விடியற்காலை தாத்தா, தன்னை உள்ளே விடவேண்டாம் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார். அவருக்கே தன் மேல் நம்பிக்கை இல்லை. கூட்டு வாசலில் உமி மூட்டையைப் போட்டு, தஸ்பீஹ் மாலையோடு அதன் மேல் உட்கார்ந்தார். முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு குஞ்சுகள் தண்ணீர்த் தட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கத்தத் தொடங்கின. ஆயிரம் குஞ்சு ஒன்றாகக் கத்தினால் விக்டோரியா அணைக்கட்டு வரைக்கும் கேட்கும். தாத்தா துப்பட்டாவால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இன்னும் எத்தன நிமிசம்?" என்று ஏழு தரம் கேட்டார். நோன்பு திறக்கிற நேரத்தைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

ஆறரைக்குக் கயிற்றை இறக்கினோம். குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஒரு மணித்தியாலம் முடியவும் தட்டுகள் காய்ந்துவிட்டன. பத்தைப் பிடித்தேன், பத்தும் நீலம். நானா தன் பங்குக்குப் பத்துப் பிடித்தார். ஒன்பது நீலம், பத்தாவது வாயைத் திறக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. தாத்தா வந்து அதன் கன்னத்தைத் தடவினார். உடனே திறந்தது. அதுவும் நீலம்.

அன்று என் கஞ்சியோடு மூன்று சம்சா வந்தன.

இரண்டாவது தடவை கொடுக்க வேண்டிய நாள் சரியாகப் பெருநாளன்று வந்தது. தள்ளிப் போடலாமா என்று நானா யோசித்தார். தாத்தாதான் கூடாது என்றார். ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. "பெருநாளண்டு நோன்பு புடிக்கிறது ஹராம் தம்பி. அதுகளுக்கு ரெண்டு மணித்தியாலம் புடிச்சா பரவாயில்லையா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு சைவக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? முழு நாள் பிடித்தால்தானே நோன்பு, இது காலைச் சாப்பாடு பிந்துகிற கணக்குத்தான் என்றேன். அந்தத் தீர்ப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

நானா தொழுகைக்குப் போயிருந்தார். வில்லைகளைத் தாத்தாவே கரைத்தார். முதல் நாள் போட்ட மருதாணி இரண்டு கையிலும் சிவந்திருந்தது. அதன் மேல் நீலம் ஏறி, முழங்கை வரைக்கும் யாரும் எங்கும் பார்த்திராத ஒரு டிசைன் வந்தது. தொழுகை முடிந்து புதுச் சாரமும் தொப்பியுமாக வந்த நானா, நேரே கூட்டுக்குள் வந்து தட்டுகளை இறக்க உதவினார். பிறகுதான் பெருநாள் ஞாபகம் வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். என் வெள்ளைச் சட்டையின் முதுகில் பத்து விரலும் நீலமாகப் பதிந்தன. அந்தச் சட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கழுவினாலும் போகவில்லை.

நாங்கள் வட்டலாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸனா ஓடி வந்து நாக்கை நீட்டினாள். கருநீலம். தாத்தா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். எந்தத் தட்டில் குடித்தாய், எவ்வளவு குடித்தாய் என்று பிள்ளையைப் பிடித்து உலுக்கினார். ஸனா பின்னால் மறைத்து வைத்திருந்த கையை முன்னால் கொண்டு வந்தாள். மர்சூக் ஹாஜியார் பெருநாளுக்குக் கொடுத்த, உறிஞ்சிக் குடிக்கிற ஐஸ் பக்கட், நீல நிறம்.

"எனக்கும் கம்பரோ வராது" என்றாள்.

இனி இருபத்தாறாம் நாள்தான் மிச்சம். வலது கூடு விழுந்தது அந்த வயதில்தான். பெருநாள் கழித்து நான்காம் நாள் அது வந்தது. அன்று விடிய நாங்கள் மூன்று பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, கூட்டு வாசலில் சந்தித்தோம். குஞ்சுகள் ஓடித் திரிந்தன. சிறகைப் பொம்மிக்கொண்டு ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான்.

ஆறாம் நாள், நானா பதில் சொல்ல வேண்டிய நாள், காலையில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது.

தாத்தாதான் கண்டார். பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் அன்று அவருக்கு நான்காவது. குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு என் அறைக் கதவைத் தட்டினார். பின்னால் நானா நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கையில் ஃபோன் இருந்தது.

கிணற்றடிக் கல்லில் வைத்து அறுத்தேன். துளைக்கு மேலே, உள்ளே, அந்தப் பை. சின்ன நெல்லிக்காய் அளவு. வீக்கமில்லை, மஞ்சள் இல்லை. பிளந்து பார்த்தேன். உள்ளேயும் வெள்ளை, கழுவி வைத்த மாதிரி. தொடையிலும் இரத்தப் புள்ளி ஒன்றும் இல்லை. நல்ல கொழுத்த குஞ்சு. வேகமாக வளர்கிறவற்றில் ஒன்றிரண்டு நெஞ்சு தாங்காமல் மல்லாந்து விழும். எல்லாப் பண்ணையிலும் நடக்கிறதுதான்.

"இது கம்பரோ இல்லை" என்றேன். "இது தின்ற கொழுப்பு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் தாத்தா. உடனே செத்த குஞ்சைப் பார்த்து, "பாவம்" என்றும் சேர்த்துக்கொண்டார். நானா அந்த வெள்ளைப் பையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு செத்த கோழியைச் சுற்றி நின்று மூன்று பேர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது.

நானா அந்த இடத்திலேயே கட்டாருக்கு அடித்தார். வரவில்லை என்று சொன்னார். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வீட்டுல வேல ஈக்குது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொண்டாட்டியத் தனிய விட்டா குஞ்சுகளுக்கு ஸஹர் குடுப்பா" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. தாத்தா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

அந்த ஞாயிறு அம்மா பேசினார். வழக்கம் போல, பக்கத்தில் சனம் இருக்கோ என்று கேட்டார். வலது கூட்டுக் கோழிகள் லொறியில் ஏறிப் போய், கூட்டைக் கழுவிக் காயவிட்டிருந்தோம். இடது கூட்டில் சத்தம் நிறைந்திருந்தது. தாத்தா யாரையோ தண்ணீர்த் தட்டில் ஏறாதே என்று அதட்டுவது கேட்டது.

"இருக்கினம் அம்மா" என்றேன். "ஆயிரத்துக்கு ஒராள்தான் குறைவு."